சீட்டும் இடைமுறிவும்: மலையகப் பெண் தொழிலாளரின் அனுமதிப் பத்திர வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கைப் பெருந்தோட்டத் துறை பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளிலே உழைப்பும் ஊதியமும் பேசப்பட்ட அளவுக்குக் கடதாசி பேசப்படவில்லை. துண்டு, பற்றுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், பிரசாவுரிமைச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வதிவிட விசா எனத் தலைமுறை தலைமுறையாக லயத்து அறைகளின் தகரப் பெட்டிகளிலே சேர்ந்து கிடந்த கடதாசிகள் மலையகத் தொழிலாளரின் வாழ்க்கையை நிர்ணயித்தவை. அவற்றை வழங்கும் அதிகாரம் காலத்துக்குக் காலம் கைமாறியது. கங்காணியிடமிருந்து துரைக்கும், துரையிடமிருந்து பதிவு ஆணையாளருக்கும், அவரிடமிருந்து தூதரகத்துக்கும் அது சென்றது. ஆயினும் அவர்களெல்லாரும் தொழிலாளியிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இடையிலே எங்கே போயிருந்தாய்? வசிப்பிலோ வேலையிலோ ஏற்படும் இந்த இடைவெளியையே ஈண்டு 'இடைமுறிவு' எனக் குறிப்பிடுகின்றேன். தோட்டத்தின் முதன்மை உழைப்பாளியாக விளங்கியும் சட்டத்தின் பார்வையிலே இன்னொருவரைச் சார்ந்தவளாக மட்டுமே கொள்ளப்பட்ட மணமான பெண்ணின்மீது இவ்விடைமுறிவின் சுமை எவ்வாறு வந்து விழுந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது பழைய ஆவணம் எதுவுமன்று. இப்பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, கணவரின் தொழில் விசாவைச் சார்ந்து ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் தோழி ஒருவர், தமது வேலை அனுமதி அட்டை முடிவுறும் நாளை எண்ணிக்கொண்டு எழுதிய கடிதமே அது. அந்நாட்டிலே எச்-1பி விசா பெற்றோரின் துணைவருள் ஒரு பிரிவினருக்கு 2015 மே 26 முதல் வேலை அனுமதி வழங்கப்பட்டு வருகின்றது. அட்டை முடிவுறுவதற்கு முந்திய 180 நாட்களுக்குள்ளேதான் புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்க இயலும். உரிய காலத்திலே விண்ணப்பித்தோர், தமது வதிவு அனுமதி செல்லுபடியாகும் எல்லைக்குள், முடிவு வரும் முன்னரும் வேலையிலே தொடரலாம் என்ற தன்னியக்க நீடிப்பு சில ஆண்டுகள் நடைமுறையிலிருந்தது. 2025 ஒக்டோபர் 30 முதல் சமர்ப்பிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு அது நீக்கப்பட்டுவிட்டது. இனி, பழைய அட்டை முடிந்து புதிய அட்டை வரும்வரை எத்தனை நாட்களோ அத்தனை நாட்களும் அவர் வேலைக்குப் போகலாகாது. கணவரின் தொழிலைப் பொறுத்தது அவருடைய விசா. அவருடைய விசாவைப் பொறுத்தது மனைவியின் விசா. அதனைப் பொறுத்தது மனைவியின் அட்டை. அட்டையைப் பொறுத்ததே மனைவியின் வேலை. ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்துப் பெண்ணின் இன்னலையும் கொழுந்து பறிப்பவளின் இன்னலையும் ஒரே தராசிலே இடுவது எனது கருத்தன்று. முன்னவர் இழப்பது வேலையை. பின்னவள் இழந்தது வேலையும் குடியிருப்பும் நாடும் ஒருங்கே. எனினும் இச்சங்கிலியின் கண்ணிகள் யாவும் இப்பல்கலைக்கழக வளவைச் சூழ்ந்த ஹந்தானை, கலகா, ஹேவாஹெட்டை மலைகளிலே ஏற்கெனவே அடிக்கப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலாவது கண்ணி 'துண்டு' ஆகும். கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்ட தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்வதாயின், இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இவர் விடுவிக்கப்படுவார் என எழுதப்பட்ட துண்டு வேண்டும். அஃதின்றி வேறெந்தத் தோட்டமும் அவரை ஏற்காது. புதிய தோட்டம் பழைய கடனை அடைத்துத் தன் பேரேட்டிலே அதனை ஏற்றிக்கொள்ளும். இவ்வாறு தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியோடு கடனும் கூடவே நடந்தது. வேலை அனுமதி என இன்று நாம் வழங்கும் பொருளின் முற்பட்ட வடிவமே இது. அரசு வழங்க வேண்டிய அனுமதியை இங்கே கடன்கொடுத்தவனும் முதலாளியும் வழங்கினர் என்பதே வேறுபாடு. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன் இடத்தைப் பற்றுச்சீட்டு பெற்றது. வேலையிலிருந்து விலக்கப்பட்டவர் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு லயத்தையும் விட்டு வெளியேறியாக வேண்டும். வேலையும் குடியிருப்பும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டிருந்த பெருந்தோட்ட அமைப்பிலே வேலையின் இடைமுறிவு கூரையின் இடைமுறிவாகவும் இருந்தது. கணவனுக்குச் சீட்டுக் கொடுக்கப்படும்போது மனைவியையும் அதனோடு சேர்த்தே விலக்கும் வழக்கத்தைக் குடும்பத்தைப் பிரிக்காத கருணையாக நியாயப்படுத்துவோர் உளர். ஆனால் கங்காணியோடு முரண்பட்டவன் அவனே. பிரட்டுக்களத்திலே அவளுக்கு எதிராக ஒரு குற்றமும் கூறப்பட்டதில்லை. அவளது வேலைக்குத் தனியான உயிர் இல்லை என்பதே இவ்வழக்கத்தின் உட்கிடை.

இது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை உணர்வதற்குத் தேயிலை உற்பத்தியின் இயல்பை நினைத்தல் வேண்டும். கோப்பியைப் போலன்றித் தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்தெடுப்பை வேண்டி நிற்பது. ஒரு சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிப் பயனற்றுவிடும். ஆகவே, 1867இலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட காலந்தொட்டு மூலதனத்துக்கு இன்றியமையாததாக இருந்தது இடையறாத உழைப்பு. அதிலும் இடையறாத பெண்ணுழைப்பு. பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுவிட்டு மலைக்கு ஏறியவள் பெண். ஆனால் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுக்கென விதிக்கப்பட்ட முதல் நாட்கூலியிலே ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என வரையறுக்கப்பட்டன. இவ்வேற்றத்தாழ்வு 1984 வரை நீடித்தது. அவளது கூலியைக் கணவனோ தந்தையோ சென்று வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களிலே இருந்தது. உழைப்பின் தொடர்ச்சி அவளிடமிருந்து பெறப்பட்டது; அத்தொடர்ச்சிக்கான சான்று மட்டும் ஆணின் பெயரிலே எழுதப்பட்டது.

1948க்குப் பின்னர் இச்சான்று உயிர்நாடியாயிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பை அடிப்படையாகக் கொண்டு மலையகத் தமிழரின் மிகப் பெரும் பகுதியினரைப் பிரசைகள் அல்லாதோராக்கியது. 1947இலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பாக ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் வாக்குரிமையும் அதனைத் தொடர்ந்து பறிக்கப்பட்டது. இடதுசாரிகளை ஆதரித்த ஒரு பாட்டாளி வர்க்கத்தை அரசியலினின்று அகற்றுவதே அச்செயலின் வர்க்க உள்ளடக்கம் என்பது பலராலும் எடுத்துக் கூறப்பட்டதாகும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் நுணுக்கங்களையே.

அச்சட்டத்தின்படி மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைமுறிவின்றி இலங்கையிலே வசித்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வசிப்புத் தொடர்ந்திருத்தலும் வேண்டும். ஒரு தடவையிலே பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத வெளியூர்ப் பயணம் மன்னிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டது முறிவாகக் கொள்ளப்பட்டது. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காப்பாற்றத்தக்க வருமானமோ தொழிலோ உண்டு எனவும் காட்டவேண்டியிருந்தது. வேலை இல்லாதவன் பிரசையாதல் அரிது. பிரசையல்லாதவனுக்குத் தோட்டத்துக்கு வெளியே வேலை கிடைத்தல் அதனினும் அரிது. இவ்வளவிலும் கடுமையானது மனைவி பற்றிய விதியாகும். சட்டத்தின் மூல வடிவத்திலே, விண்ணப்பதாரரின் மனைவி திருமணத்தின் முதலாவது ஆண்டு நிறைவுக்கு முன்னரே இலங்கையிலே வந்து குடியிருந்து, விண்ணப்ப நாள்வரை முறிவின்றி வசித்திருத்தல் வேண்டும் எனக் கூறப்பட்டது. பிள்ளைகளுக்கும் இத்தகைய நிபந்தனையே விதிக்கப்பட்டது.

இவ்விதியை மலையகக் குடும்பத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டு நோக்குக. திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலே உள்ள தன் ஊருக்குச் சென்று மணம் முடிப்பவன், கையிற் பணம் சேரும்வரை மனைவியை அங்கேயே விட்டு வருவான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழமை. மாமியார் நோயுற்றால் பார்க்கச் செல்பவளும், அறுவடையிலே உதவ நிற்பவளும் மருமகளே. மேலும் 1939 ஓகஸ்ட் 1 முதல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அத்தடையும் அதனையடுத்து வந்த போரும் போக்குவரவைப் பெரிதும் கட்டுப்படுத்தின. சட்டம் கணக்கெடுத்த ஏழு ஆண்டுகளோ சரியாக அக்காலத்தையே சார்ந்தவை. அரசுகள் இரண்டும் கடலை அடைத்துவைத்திருந்த காலத்திலே அக்கரையிற் சிக்கிய பெண்ணின் தாமதம், பின்னர் அவளது கணவனின் விண்ணப்பத்திலே முறிவாகப் பதியப்பட்டது. குடும்பத்தை மறு உற்பத்தி செய்யும் உழைப்பு, அதாவது பிள்ளைப்பேறும் முதியோர் பராமரிப்பும், சட்டத்தின் மொழியிலே இடைமுறிவாக உருமாறியது. எங்கெல்சு குடும்பம் பற்றிக் கூறியவற்றை ஐரோப்பிய நூல்களிலே தேடிக்கொண்டிருக்கும் நம்மவர், இச்சட்டத்தின் ஆறாம் பிரிவைப் படித்துப் பார்த்தல் நன்று.

இடைமுறிவு இல்லை என்பதை நிறுவுதற்கு வேண்டிய சாட்சியம் யாரிடம் இருந்தது என்பதும் முக்கியமான வினா. அன்றாடம் வேலைக்கு வந்தோரைப் பதியும் செக்றோலே அதற்கு வலுவான ஆதாரம். அது தோட்டத்துக் கந்தோரிலே, துரையின் பொறுப்பிலே இருந்தது. தொழிலாளி தன் வாழ்நாளின் தொடர்ச்சியைத் தான் சுமந்தானேயன்றி, அதன் பதிவு அவனுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. மார்க்ஸ் கூறிய அந்நியமாதல் இங்கே உழைப்பின் விளைபொருளோடு நிற்காது, உழைத்ததற்கான ஞாபகத்தையும் பற்றிக்கொண்டது எனலாம். பெண்ணைப் பொறுத்தவரை நிலைமை மேலும் மோசம். வழக்கப்படி தாலி கட்டி நடந்த திருமணங்கள் பலவற்றுக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாத மனைவி எந்நாளிலே மனைவியானாள் என்பதை எவ்வாறு காட்டுவது? முதலாம் ஆண்டு நிறைவு என்பதை எந்நாளிலிருந்து எண்ணுவது?

இலங்கை இந்தியக் காங்கிரஸ் இச்சட்டத்தை முதலிலே புறக்கணித்தது. 1951 ஓகஸ்ட் 5 எனும் காலவெல்லை நெருங்கிய வேளையிலேயே விண்ணப்பிக்கத் தூண்டியது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாகக் குவிந்தன. 1960களின் முற்பகுதியளவிலே பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. கண்டி நகரத்துக் கடைச் சிப்பந்திகள் முதலியோரின் கதை இதனின்று சற்று வேறுபட்டது. குடிவரவு சட்டத்தின் கீழ் தற்காலிக வதிவிட அனுமதி பெற்றிருந்த அவர்கள், புதுப்பிப்பு மறுக்கப்பட்டபோது கடையை விட்டுக் கப்பலேறினர். அது தனியாக எழுதப்பட வேண்டியது.

1964 ஒக்டோபர் 30இலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைக்கு வருவோம். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அவ்வுடன்படிக்கை கைச்சாத்தாகுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலே இணைந்திருந்தது. 1948இலே பாராளுமன்றத்தில் இம்மக்களுக்காக வாதாடியோர், 1964இலே அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்ட அமைச்சரவையில் இருந்தனர் என்பதை முற்போக்காளராகிய நாம் மழுப்பிச் செல்லல் தகாது.

உடன்படிக்கையின் ஒரு வாசகம் நமது பொருளுக்கு மையமானது. இந்தியா செல்ல வேண்டியோருக்கு இலவச விசா உட்பட வதிவிட வசதிகள் வழங்கப்படும் எனவும், உடன்படிக்கை நாளிலே வேலையில் இருப்போர் தாயகம் திரும்பும்வரையோ 55 வயது நிரம்பும்வரையோ, எது முந்தியதோ அதுவரை, வேலையிலே தொடரலாம் எனவும் அதிலே கூறப்பட்டது. மேலோட்டமாகப் பார்க்கையிலே வேலை முறியாது காக்கும் ஏற்பாடு இது. அன்றைய தொழிற்சங்கத்தவர் பலர் இதில் ஆறுதல் கொண்டதும் இயல்பே. ஆயினும் சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். காப்பு 'உடன்படிக்கை நாளிலே வேலையில் இருப்போர்க்கு' உரியது. பிள்ளை வளர்ப்புக்காகப் பெயரை வெட்டிக்கொண்டு லயத்திலே இருந்த தாய்க்கும், அடுத்த ஆண்டிலே பெயர் பதியக் காத்திருந்த மகளுக்கும் அவ்வாசகத்திலே இடமில்லை. முன்னைய சட்டம் ஏழாண்டுத் தொடர்ச்சியைக் கேட்டது. இது ஒரே ஒரு நாளின் இருப்பைக் கேட்டது. இரண்டிலும் தவறிப்போகக் கூடியவள் பெரும்பாலும் அதே பெண்.

1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது குடும்பம் கடதாசியாற் பிளவுண்டது. மாதிரிக்கு ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தையின் விண்ணப்பத்திலே பிள்ளையாக எழுதப்பட்ட பெண் இலங்கைப் பக்கம் வருகின்றாள். பின்னர் அவள் மணந்தவனோ தன் தந்தையோடு இந்தியப் பக்கம் எழுதப்பட்டவன். அவனுக்குக் கண்டியிலே அமைந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்திலிருந்து கடவுச்சீட்டு வந்து சேர்கின்றது. அதிலே வதிவிட விசா பொறிக்கப்படுகின்றது. விசாவின் காலம் அவனது வேலையின் காலமாகின்றது. அவன் புறப்பட்டால் அவள் தன் பெயரிலுள்ள வேலையையும், தனக்குக் கிடைத்த அல்லது கிடைக்கவிருந்த பிரசாவுரிமையையும் விட்டுவிட்டு அவனது குடும்ப அட்டையிலே மனைவியாகச் சேர வேண்டும். நின்றுவிட்டாலோ லயத்து அறை யாருடைய பெயரில் இருந்தது என்ற கேள்வி எழும். தனக்கென வேலையும் சேமலாப நிதியும் உள்ள பெண்ணை 'சார்ந்தோர்' என்ற நிரலிலே எழுதிய கை எந்த நாட்டு எழுத்தரின் கையாயினும், அதன் சிந்தனை ஒன்றே.

1971இலே கொண்டுவரப்பட்ட திருத்தம் இதனை மேலும் இறுக்கியது. இந்தியப் பிரசாவுரிமை வழங்கப்பட்டோரின் தொகைக்கு ஈடாக இலங்கைப் பிரசாவுரிமை வழங்குதல் என்ற நிலை மாறி, உண்மையாகவே கப்பலேறியோரின் தொகைக்கு ஈடாக, ஏழுக்கு நான்கு என்ற விகிதத்திலே, வழங்குதல் என்றாயிற்று. ஒரு லயத்தவரின் கடதாசி அடுத்த லயத்தவரின் பயணத்திலே தங்கிநின்றது. வர்க்க ஒற்றுமைக்கு இதனைவிட நுட்பமான ஆப்பைக் கற்பனை செய்தல் கடினம்.

புறப்படுவோருக்கும் இடைமுறிவு உண்டு. வேலையினின்று விலகினாற்றான் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கிடைக்கும். குடும்பமொன்று கொண்டு செல்லும் சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது என உடன்படிக்கை உறுதி கூறியிருந்தது. அதற்கும் நாணயக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். கடவுச்சீட்டு, நிதி, அனுமதி, பயணச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்று பிந்தினாலும், செக்றோலிலே பெயர் வெட்டப்பட்ட நாளுக்கும் கப்பலேறும் நாளுக்கும் இடையிலே கூலியற்ற நாட்கள் விரியும். அரிசியும் மாவும் கிடைக்காத 1973, 1974ஆம் ஆண்டுகளிலே அத்தகைய நாட்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்விடைவெளியைக் குறுக்குவதற்குக் குடும்பங்கள் தமக்கே உரிய வழிகளைக் கண்டன. ஒருவர் பெயரை வெட்டும் முன்னர் இன்னொருவர் பெயரைப் பதிவித்தல், கணவன் விலகிய பின்னும் மனைவி கடைசி வாரம்வரை கொழுந்தெடுத்தல், சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டுகளைக்கூட ஆதாரமாகச் சேர்த்து வைத்தல் முதலியன அவை. எழுத்தறியாத பெண்கள் எந்தக் கடதாசி எதற்குரியது என்பதை நிறத்தாலும் மடிப்பாலும் அடையாளங் கண்டனர்.

பதுளையிலிருந்தும் அற்றனிலிருந்தும் அவர்களை ஏற்றி வந்த புகையிரதம் பேராதனைச் சந்தியைக் கடந்தே தலைமன்னாருக்குச் சென்றது. மக்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி எனப் பெயரிட்டனர். பல்கலைக்கழகத்திலே நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்துக்கொண்டிருந்த தலைமுறையினரின் வாசலூடாகவே அவ்வண்டி ஓடியது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' உடன்படிக்கையின் அதே ஆண்டிலே வெளிவந்து, தோட்டத்துப் பெண்ணை நாவலின் நடுவிலே நிறுத்தியது. ஆயினும் நமது விமரிசனம் அந்நாவலை மலையகத்தின் நாவலாகப் போற்றிய அளவுக்குப் பெண்ணின் நாவலாக ஆராய்ந்ததில்லை. இவ்விடத்திலே என்னையும் சேர்த்தே கூறுகின்றேன்.

1984இலே போர்ச் சூழல் காரணமாகக் கப்பல் போக்குவரத்து நின்றது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்குள் சென்றுவிட்டனர். இந்தியக் கடவுச்சீட்டோடு பல்லாயிரவர் எஞ்சினர். அவர்களுடைய விசாக்கள் முடிந்தன. ஆனால் கொழுந்து முடியவில்லை. ஆகவே வேலை தொடர்ந்தது. உற்பத்தியின் தேவை சட்டத்தின் தேவையை வென்ற இத்தருணம் ஆய்வாளரின் கவனத்துக்குரியது. காலாவதியான விசாவை எவரும் பெரிதாகக் கேட்காத ஒரே இடம் தேயிலை மலையாக இருந்தது. தோட்டத்தைவிட்டு வெளியே வந்து வேறு தொழிலோ வங்கிக் கணக்கோ தேடிய மகனுக்கும் மகளுக்குமே அது தடையாயிற்று. கடதாசி இல்லாமை இவ்வாறு தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. துண்டு செய்த அதே வேலையைத் துண்டு இல்லாமலே செய்தது.

1986இலும் 1988இலும் நாடற்றோருக்கெனச் சட்டங்கள் வந்தன. இந்தியக் கடவுச்சீட்டோடு தங்கிவிட்டோரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு பிரகடனத்திலே கையொப்பமிட்டு, பிரசாவுரிமை பெற வழி பிறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்து வருவோரும் அவர்தம் சந்ததியாரும் அச்சட்டத்துக்கு உரியவராயினர். அதே 2003இலே நிறைவேறிய மற்றொரு திருத்தம், 1948 முதல் தந்தைவழியே சென்ற பிரசாவுரிமை தாய்வழியாகவும் செல்லலாம் என ஏற்றது. இடையிலே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். இத்திருத்தத்தை மலையக வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பதில்லை. பெண்ணுரிமை நூல்கள் குறிக்கும்போது மலையகத்தைக் குறிப்பதில்லை. ஆனால் லயத்திலே ஒரு தாய் தன் மகளின் பிறப்புப் பத்திரத்தை நீட்டும்போது, கணவன் எந்தப் பக்கத்திலே எழுதப்பட்டவன் எனக் கேளாமலே அதனை ஏற்க வேண்டிய நிலை அதனோடுதான் வந்தது.